மார்கழிக் குளிரில் ஒரு பாத்தி லீக்ஸ்

ஹதீஸ் பாடத்தில் 'குர்ராத்' என்ற அரபுச் சொல் வரும் நாளில் மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "ஹஜ்ரத், அது எப்படி இருக்கும்?" பூண்டும் வெங்காயமும் அவர்கள் அன்றாடம் காண்பவை. இந்த மூன்றாவது பொருளைத்தான் அவர்கள் கண்டதில்லை. பூண்டு, வெங்காயம், குர்ராத் ஆகியவற்றின் வாடையோடு பள்ளிவாசலை நெருங்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி, ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அருகில் தொழுபவரையும் மலக்குகளையும் அந்த வாடை வருத்தும் என்பதே காரணம். அதே நூலில், உண்ண விரும்புவோர் சமைத்து அதன் வாடையைப் போக்கிக்கொள்ளட்டும் என்று உமர் (ரலி) அவர்கள் கூறிய அறிவுரையும் காணப்படுகிறது. ஆகவே அது விலக்கப்பட்ட உணவன்று. உண்ணும் முறைக்குத்தான் ஒழுங்கு சொல்லப்பட்டிருக்கிறது.

குர்ராத்தின் நெருங்கிய உறவுதான் இன்று உலகச் சந்தையில் 'லீக்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் காய். வெங்காயத்தாளைப் பெரிதாக்கியது போன்ற தோற்றம். அடியில் வெண்மையான தண்டு, மேலே விசிறிபோல் விரியும் தட்டையான இலைகள், வெங்காயத்தைப் போன்ற குமிழ் இல்லை. நம் மாநிலத்தில் நீலகிரிப் பக்கம் விளைகிறது. காரைக்குடிச் சந்தையில் நாங்கள் அதைக் கண்டதில்லை. ஆனால் கடலுக்கு அப்பால், இலங்கையில், லீக்ஸ் அறியாத அடுக்களை இல்லை.

எங்கள் மாமி, அதாவது எங்கள் வீட்டாரின் தாயார், நுவரெலியாவில் பிறந்தவர். அவருடைய அத்தா அங்கே கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அந்தக் கணக்கில் ஒரு குடும்பமாக, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து இந்தச் செம்மண் பூமிக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று மாமி எழுபதைக் கடந்தவர். மாமனார் மவுத்தான பிறகு அவருடைய உணவு வெகுவாகக் குறைந்துவிட்டது. தட்டில் வைத்ததைப் பாதியில் நகர்த்திவிடுவார். என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒண்ணும் வேணாம் மாப்புள்ள" என்பார். ஒருநாள் மட்டும், கேட்காமலேயே, "லீக்ஸ் சுண்டல் சாப்பிட்டு எத்தனை வருசமாச்சு" என்றார். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் எங்கள் பாத்தி தொடங்கியது.

இந்த இடத்தில் வாசகர்களில் சிலருக்கு அல்பகரா அத்தியாயத்தின் 61ஆவது வசனம் நினைவுக்கு வரலாம். பனூ இஸ்ராயீல்கள் கீரையும் வெள்ளரியும் பருப்பும் வெங்காயமும் கேட்டு மூஸா (அலை) அவர்களை நெருக்கிய வரலாறு அது. அதில் வரும் 'கீரை' என்ற சொல்லுக்கு விளக்கம் தரும் தஃப்ஸீர்களில் புதினாவோடு குர்ராத்தும் இடம்பெறுவது உண்டு. எங்கள் வகுப்பில் ஒரு சிறுவன் வெளிப்படையாகவே கேட்டான்: "அப்படியானா நன்னி கேட்டதும் தப்பா ஹஜ்ரத்?" கொடுக்கப்பட்டதை இழிவாகக் கருதி வேறொன்று கேட்பது ஒன்று, கொடுக்கப்பட்டதற்கு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுப் பிறந்த மண்ணின் சுவையை நினைத்துக்கொள்வது வேறொன்று. மாமி ஒருநாளும் எங்கள் சோற்றைப் பழித்ததில்லை. அவனுக்கு இப்படித்தான் விடை சொன்னோம். அவன் ஏற்றுக்கொண்டான் என்றே நினைக்கிறோம்.

இனி பாத்திக்கு வருவோம். கீழச்சிவல்பட்டியில் லீக்ஸ் வளர்ப்பது என்பது முழுக்க முழுக்க வெப்பத்தோடு நடத்தும் பேச்சுவார்த்தைதான். உரமும் மண்ணும் இரண்டாம் பட்சம். இந்தப் பயிர் ஏறக்குறைய 13 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பத்தில் நன்கு வளரும். 30 டிகிரியைத் தாண்டினால் சோர்ந்து நின்றுவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருப்பது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. எனவே நம் சமவெளியைவிட அங்கே பதினொன்று, பன்னிரண்டு டிகிரி குளிர்ச்சி. ஆண்டுச் சராசரி 16 டிகிரியளவில் நிற்கிறது. நமக்கோ சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 39, 40. மலையைக் கீழே கொண்டுவர முடியாது. ஆனால் ஆண்டில் சில வாரங்கள் நம் ஊரும் மலையின் பக்கம் சற்றே சாய்கிறது. மார்கழி, தை மாதங்களில் எங்கள் கொல்லையில் மாட்டியுள்ள வெப்பமானி ஃபஜ்ரு நேரத்தில் 20, 21 காட்டும், நண்பகலில் 29. அந்த வாரங்களில் பயிர் தன் வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துக்கொள்ளும்படி மற்றக் காலத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். இரவு குளிர்வது இதில் முக்கியமானது. பகலில் சேர்த்த உணவை வெப்பமான இரவுகளில் செடி தன் மூச்சுக்கே செலவழித்துவிடுகிறது. தண்டு பருப்பதற்கு மிச்சமிருப்பதில்லை.

மார்கழியில் செடி வேரூன்றி நிற்க வேண்டுமென்றால் ஆவணியில் விதைத்தாக வேண்டும். இடர் இங்கேதான். ஆவணியில் இங்கே பகலில் 36 டிகிரி இருக்கும். லீக்ஸ் விதை முளைக்க விரும்புவதோ 20 முதல் 25 வரை. எங்கள் வீடு காங்கிரீட் கூரையிட்ட சிறிய வீடு; மாலை வரை சூட்டை வாங்கி இரவு முழுவதும் திருப்பித் தருவது. பக்கத்து வீடோ பழைய நகரத்தார் வீடு. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014இல் சேர்த்தபோது, அந்த வீடுகளின் அழகைப் பற்றிப் பலரும் எழுதினார்கள். அவை வெயிலை ஆளும் முறையைப் பற்றி அதைவிட அதிகம் எழுதலாம். தடித்த சுவர், வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, உயர்ந்த கூரை, வெப்பக் காற்று மேலேறி வெளியேற நடுவே திறந்த வளவு. சாவியை வைத்துக்கொண்டு தனியாக வாழும் ஆச்சியிடம், நாற்றுத் தட்டுகளை வைக்க ஓர் இடம் கேட்டோம். "வீடு சும்மாதான அசரத்து கெடக்கு, வச்சுக்குங்க" என்று இரண்டாங்கட்டைத் திறந்துவிட்டார். வெளியே 36 டிகிரி இருந்த நண்பகலில் அங்கே 30. தட்டுகளின் மேல் ஈரச் சாக்கை விரித்து, இருபுறமும் நீர் நிறைந்த மண்பானைகளை வைத்ததும் 27க்கு இறங்கியது. பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துச் செல்கிறது. நம் பாட்டிமார் குடிநீரைக் குளிர்வித்த அதே முறை. பன்னிரண்டாம் நாள் முளை கண்டது. நூறு விதைகளில் அறுபத்தெட்டு. முளை தெரிந்த அன்றே தட்டுகளைக் காலை வெளிச்சம் விழும் வளவின் ஓரத்துக்கு மாற்றிவிட்டோம். இருட்டில் நின்றால் நாற்று வெளிறி நீண்டு ஒடிந்துவிடும்.

விதையைப் பற்றி ஒரு சொல். வெங்காய இனத்து விதைகளுக்கு ஆயுள் குறைவு. ஓரிரு ஆண்டுகளில் உயிர் போய்விடும், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் விரைவில். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு கடையில் வாங்கிய பொட்டலத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. உறையில் தேதியே அழிந்திருந்தது. தேதி பார்த்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் இட்டு, குளிர்பெட்டியில் வைப்பதே முறை. இங்கே நாமே விதை எடுக்கலாம் என்ற நம்பிக்கை வேண்டாம். லீக்ஸ் பூப்பதற்குப் பல வாரங்கள் நீடிக்கும் கடுங்குளிர் வேண்டும். அது நம் மார்கழிக்கு இயலாத காரியம்.

பத்து வாரத்தில் நாற்று எழுதுகோல் பருமன் அடைந்தது. கார்த்திகையின் தொடக்கத்தில், வடகிழக்குப் பருவமழையின் வேகம் தணிந்த ஓர் இடைவெளியில் நட்டோம். அரையடி ஆழத்துக்குக் குச்சியால் குழியிட்டு, நாற்றை இறக்கி, குழியை மூடாமல் நீர் மட்டும் ஊற்றினால் போதும். மண் தானாக இறங்கி வேரைப் பிடித்துக்கொள்ளும். பத்தடி நீளம், மூன்றடி அகலப் பாத்தி. மூன்று வரிசை, வரிசைக்கு இருபது செடி.

பாத்தியை எங்கே அமைப்பது என்பதை மாணவர்களே கண்டறிந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. தொழுகை நேரங்களை நிழலால் அறியும் பாடத்துக்காக ஒரு முழ நீள வேப்பங்குச்சியை முற்றத்தில் நட்டிருந்தோம். உச்சி நேரத்து நிழலைக் கழித்தபின் குச்சியின் நிழல் அதன் உயரத்தைப்போல் இரு மடங்காகும்போது ஹனஃபி மத்ஹபின்படி அஸர் நேரம் தொடங்குகிறது. கழிக்க வேண்டிய அந்த உச்சி நிழல் மாதத்துக்கு மாதம் மாறுவதைப் பிள்ளைகள் சாக்பீஸால் தரையில் குறித்தார்கள். சித்திரை பிறந்த சில நாட்களில் உச்சியில் நிழலே இல்லை. ஆனியில் நிழல் தெற்கே சற்றுத் திரும்பியது. மார்கழியில் வடக்கே, குச்சியின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீண்டது. தோட்டக் கலை நூல் எதுவும் எங்களுக்கு இதைவிடத் தெளிவாகச் சூரியனைக் காட்டியதில்லை. வீட்டின் கீழ்ப்புறம்தான் சரியான இடம் என்று முடிவாயிற்று: காலையிலிருந்து லுஹர் வரை வெயில், அதன்பின் வீட்டின் நிழல். சுவரை ஒட்டி நடவில்லை. நான்கடி தள்ளி நட்டோம். வெயில் பட்ட சுவர் இஷா வரை அனல் விடும்.

மார்கழி முழுவதும் பந்தல் தேவைப்படவில்லை. தை கடைசியில் வெப்பமானி 32ஐத் தொட்டதும் ஆறடி உயரத்தில் தென்னங்கீற்றை இடைவெளி விட்டுப் பரப்பினோம். இங்கேயும் குச்சிதான் வழிகாட்டியது. மாசியில் சூரியன் இன்னும் தெற்கே சாய்ந்திருப்பதால், ஆறடிப் பந்தலின் நண்பகல் நிழல் ஏறக்குறைய இரண்டடி வடக்கே தள்ளி விழுகிறது. பாத்திக்கு நேர் மேலே மட்டும் கீற்றிட்டால் தென்பகுதிச் செடிகள் வெயிலில் காயும். எனவே கூரையைத் தெற்கே இரண்டடி நீட்டினோம். கடையில் கிடைக்கும் பச்சை நிழல்வலையும் பயன்படும். ஆனால் அதைத் தாழக் கட்டினால் காற்று அடைபட்டு உள்ளே புழுக்கம் கூடிவிடுகிறது. கீற்றுக்கு அந்தக் குறை இல்லை.

மண்ணின் வெப்பம் காற்றின் வெப்பத்தைவிட ஏமாற்றக்கூடியது. பங்குனித் தொடக்கத்தில் ஒருநாள் பிற்பகல் இரண்டு மணிக்கு மண்ணில் செருகும் வெப்பமானியால் அளந்தோம். வெறும் செம்மண்ணில் இரண்டங்குல ஆழத்தில் 39. மூன்றங்குலம் வைக்கோல் பரப்பிய பாத்தியில் 31. ஒரே கொல்லை, ஒரே நேரம். ஒரு கட்டு வைக்கோல் செய்யும் வேலையைப் பத்துக் குடம் தண்ணீர் செய்யாது. தண்டு வெண்மையாக வர, மலையில் மண்ணை அணைப்பார்கள். நாங்கள் மண்ணுக்குப் பதிலாக வாழைப்பட்டையை உரித்துத் தண்டைச் சுற்றிக் கட்டினோம். பட்டையில் உள்ள நீர் தண்டைக் குளிர்ச்சியாக வைக்கிறது. இலை மடிப்புக்குள் மண் புகுவதும் குறைகிறது. செட்டிநாட்டுச் சரளை மண் தண்டைச் சுற்றி இறுகினால் உடைத்தெடுப்பதே பெரும்பாடு.

தண்ணீரைப் பற்றித்தான் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. ஊருணியை நம்பி வாழ்ந்த ஊர் இது. கோடையில் ஆழ்துளைக் கிணறு இரைக்கும் சத்தம் மாறும்போதே நெஞ்சு படபடக்கும். இத்தகைய ஊரில் ஒரு மலைக் காய்க்காக நீரைச் செலவழிப்பது இஸ்ராஃப் ஆகாதா என்று எங்கள் வீட்டார் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு முத்து அளவு நீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளு செய்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். குழாயைத் திறந்துவிட்டு நம் பிள்ளைகள் செலவழிப்பது அதைப்போல் பல மடங்கு. அதைக் குறைப்பதற்கு முதலில் குழாய்களின் வேகத்தைக் குறைத்தோம். அதன்பின்னும் வடியும் நீரை ஒரு சிறு வாய்க்கால் வழியே தொட்டியில் தேக்கினோம். ஒளு செய்து வழிந்த நீரால் மீண்டும் ஒளு செய்ய முடியாது. ஆனால் அது அசுத்தமானதன்று, செடிக்கு ஊற்றத் தடையில்லை. சோப்புக் கலக்காத நீர் என்பது பயிருக்கும் நல்லது. பாத்திக்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் குடம் போதுமானதாக இருந்தது. கிணற்று நீரில் ஒரு துளியும் இதற்காக இறைக்கவில்லை.

ஊற்றும் நேரமும் வெப்பத்தைப் பொறுத்தது. ஃபஜ்ரு தொழுகை முடிந்து வெளிச்சம் பரவும் வேளைதான் சிறந்தது. இரவெல்லாம் தொட்டியில் குளிர்ந்த நீர் அப்போது வேரைச் சென்றடையும். மாடியில் உள்ள கறுப்புத் தொட்டியின் நீரை நண்பகலில் திறந்துவிட்டால் கை சுடும்; அந்த நீரைச் செடிக்கு விடுவது வேரை வேகவைப்பதற்குச் சமம். வெயிலில் இலை துவளும்போது மனம் பொறுக்காமல் மேலும் மேலும் நீர் ஊற்றத் தோன்றும். சூடான மண்ணில் ஈரமும் தேங்கினால் வேர் அழுகும். மாலையில் இலை தானே நிமிர்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையைச் சற்றுக் குளிரும்வரை தாமதப்படுத்த நமக்கே அனுமதி இருக்கிறது. மேடுகளின் நிழல் தெரியும்வரை நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் காத்திருந்ததை அபூதர் (ரலி) அறிவிக்கிறார்கள். செடிக்கும் அந்நேரத்தில் வேலை வைக்காமல் விடுவது நல்லது: உரமிடல், இலை கழித்தல், மருந்து தெளித்தல் எல்லாம் அஸருக்குப் பின்.

மாசியில் வெப்பமும் வறட்சியும் சேர்ந்ததும் இலைப்பேன் வந்தது. இலைகளில் வெள்ளிக் கோடுகள் தோன்றினால் அதுதான். லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சிறிது சோப்பு. இரண்டு முறை தெளித்ததில் அடங்கியது.

அறுபதில் நாற்பத்தொன்று தேறின. மலையில் விளைவதைப்போல் மூன்று விரல் பருமன் இல்லை, கட்டைவிரல் பருமன்தான். 2025இல் ரமலான் மார்ச் 2ஆம் தேதி, மாசியின் நடுவைத் தாண்டித் தொடங்கியது. அறுவடையும் அப்போதே அமைந்தது அல்லாஹ்வின் நாட்டம். பயிருக்குத் தமிழ் மாதம், வணக்கத்துக்குப் பிறைக் கணக்கு என்று இரண்டு காலங்களில் வாழ்பவர்கள் நாம். ரமலான் ஆண்டுதோறும் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டிருக்க, லீக்ஸ் மாசியைவிட்டு அசையாது. இன்னும் சில ஆண்டுகளில் நோன்பு மார்கழிக்குச் சென்றுவிடும். அப்போது பாத்தியில் இளங்குருத்துதான் இருக்கும்.

மாமியே அரிவாள்மணையின் முன் அமர்ந்தார். தண்டை நீளவாக்கில் பிளந்து, மடிப்புகளை விரித்து மூன்று நீரில் அலசினார். இலைப் பச்சையை எறியவிடவில்லை. மெல்லியதாக அரிந்து, பச்சை மிளகாய், மஞ்சள், இடித்த மாசிக் கருவாடு சேர்த்து வதக்கி, இறக்கும்போது தேங்காய்ப்பூவைத் தூவினார். (மாசியில் மாசி போட்ட சுண்டல் என்று பிள்ளைகள் சிரித்தார்கள்.) நன்றாக வெந்ததால் தராவீஹுக்குச் செல்பவர்களுக்கும் வாடை பற்றிய கவலை இல்லை. நோன்பு திறந்து கஞ்சி குடித்தபின் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். நாங்கள் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தோம். "தண்டு கொஞ்சம் நார் ஓடிப்போச்சு மாப்புள்ள. எங்க ஊருல இவ்வளவு காரம் இருக்காது" என்றார். உண்மைதான்; வெப்பத்தில் வளர்ந்ததற்குக் காரம் கூடும். சொல்லிவிட்டு மீண்டும் சோறு கேட்டார். கடைத்தெருவில் மூடுபனி விலகாத காலைகளில் லீக்ஸ் மூட்டைகள் வந்து இறங்கும் விதத்தையும், அத்தா குளிருக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கணக்கெழுதியதையும் அன்றிரவுதான் எங்கள் பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்டார்கள். ஆச்சி வீட்டுக்கு ஆறு தண்டு கொடுத்தனுப்பினோம். பருப்போடு கூட்டு வைத்ததாகச் சொன்னார்.

ஒன்பது செடிகளைப் பறிக்காமல் விட்டோம். தம்மாமில் பணிபுரியும் ஒரு மாணவனின் தந்தை சொன்ன செய்தி அதற்குக் காரணம். அங்கே குர்ராத்தைத் தண்டுக்காக வளர்ப்பதில்லையாம். ஒல்லியான இலைகளை அடியோடு அறுத்துக் கத்தையாகக் கட்டி விற்பார்கள், அறுத்த இடத்தில் மீண்டும் துளிர்க்கும். எகிப்திலும் அரபு நாடுகளிலும் பல காலமாகப் பயிராவது வெப்பம் தாங்கும் அந்த இலைவகைதான். நுவரெலியாவின் லீக்ஸ் அதன் குளிர்நாட்டுச் சகோதரன். நம் ஒன்பதையும் மண்தொட்டிகளுக்கு மாற்றி, ஒளுச் செய்யும் இடத்தருகே நாள் முழுதும் நிழல் படும் மூலையில் வைத்து, இலையை மட்டும் அறுத்து வந்தோம். சித்திரையில் இரண்டு பட்டுப்போயின, வைகாசியில் இரண்டு. ஆனியில் ஐந்து மிஞ்சின, ஈர்க்குச்சி பருமனில். தண்டு பருக்காது, ஆயினும் முட்டை பொரிக்கும்போது தூவ அந்த இலை போதும். இப்போது பாடத்தில் அந்தச் சொல் வந்தால், ஒரு மாணவன் எழுந்து சென்று ஓர் இலையைக் கிள்ளி வந்து வகுப்பில் சுற்றுக்கு விடுகிறான். பாடம் முடிந்ததும் எல்லோரும் கை கழுவிவிட்டுத்தான் பள்ளிக்குள் நுழைய வேண்டும் என்பது அவர்களே வகுத்துக்கொண்ட விதி.

ஆவணி பிறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. புதிய விதை டப்பா குளிர்பெட்டியில், மாமியின் மருந்துகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இம்முறை பாத்தியை இரண்டடி நீட்ட வேண்டும். ஆச்சி தமக்குப் பத்துச் செடி தனியாகக் கேட்டிருக்கிறார். இன்ஷா அல்லாஹ், நாற்றுத் தட்டுகளுக்கு அவருடைய இரண்டாங்கட்டையே மீண்டும் கேட்டிருக்கிறோம்.